பிரேக்குக்குப் பூஜை

"யாரு தம்பி இதுல எண்ணெயைத் தடவுனது?"

காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக் பெனடிக்ட் போட்ட சத்தத்தில், வில்லாபுரத்தின் அந்தச் சின்னத் தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

காரின் சொந்தக்காரன் சூர்யபிரகாஷ் தலையைச் சொறிந்தான். "அம்மா... பூஜை கீஜை போட்டிருப்பாங்கண்ணே."

சக்கரத்துக்குள்ளே பளபளவென்று தெரியவேண்டிய பிரேக் டிஸ்க் நல்லெண்ணெயில் குளித்திருந்தது. போதாக்குறைக்கு மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். நான்கு சக்கரத்திலும் இதே அலங்காரம்.

பெனடிக்டுக்கு வயிறு எரிந்தது. எரியாதா? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் சூர்யபிரகாஷ் இந்த ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுவதாக ஏற்பாடு. நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து போகிறார்கள். சாதாரண ரோட்டுக்கான பிரேக்கை நம்பி டிராக்கில் இறங்கினால், நாலாவது ரவுண்டில் சூடேறிக் கைவிட்டுவிடும். அதனால் மூன்று நாள் மெனக்கெட்டு, சூடு தாங்குகிற பிரேக் பேட் போட்டு, பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றி, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் எடுத்திருந்தார்.

நேற்று விடிகாலை, ஆளில்லாத ரிங் ரோட்டில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்துத் தடவை நூறில் போய், சட்டென்று இருபதுக்கு இறக்கினார். "புதுச் செருப்பு மாதிரி தம்பி, போட்டுப் போட்டுத்தான் பழகும்" என்று பேச்சுக் கொடுத்தார். அவன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை ரேஸ் நினைப்பிலேயே இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு, காரை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். இன்று காலை கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்தால் இந்தக் கோலம்.

உள்ளேயிருந்து சூர்யபிரகாஷின் அம்மா தங்கப்பொண்ணு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"நான்தான் தம்பி" என்றாள்.

"ஏக்கா, எங்க வீட்லயுந்தான் வண்டி வாங்குனா ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிக்கிறோம். அவரு பானட்டுல தீர்த்தத்தைத் தெளிச்சதோட போயிருவாரு. நீங்க பிரேக்குக்கே எண்ணெய்க் காப்புச் சாத்தியிருக்கீங்களே! இதுல எண்ணெய் பட்டா வண்டி நிக்காதுக்கா. புள்ள உசுருக்கே ஆபத்து."

"தெரியலையே தம்பி. நல்லபடியாப் போயிட்டு வரணும்னு செஞ்சேன்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மேலே திட்ட பெனடிக்டுக்கு மனசு வரவில்லை.

"சரி விடுங்க. இந்த பேட் எண்ணெயைக் குடிச்சிருச்சு, இனி ஆகாது. கோரிப்பாளையத்துல நம்ம சிநேகிதர் கடையில இன்னொரு செட்டு இருக்கு. டிஸ்க்கைச் சுத்தமாக் கழுவி, மாட்டிப் பழக்கிட்டா, மூணு மணிக்கெல்லாம் தம்பி கிளம்பிறலாம்."

சூர்யபிரகாஷ் அம்மா பக்கம் திரும்பினான். அதற்குள் தங்கப்பொண்ணு காருக்கும் பெனடிக்டுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அதெல்லாம் கழுவக் கூடாது. குலசாமிய நெனச்சு வச்ச பொட்டு. செவ்வாக்கெழமை வரைக்கும் வண்டிய எடுக்கக் கூடாது."

"இம்புட்டு வேலையும் பாத்தது நாளைக்கு ஓட்டத்தானக்கா?"

"எம்புட்டுப் பாத்திருந்தாலும் சரி. செவ்வாக்கெழமைக்கு மேலதான்."

பெனடிக்ட் மகனிடம் திரும்பினார். "நீ என்ன தம்பி சொல்ற? உன் ஆசைதான இது?"

"அம்மா இப்படிச் சொல்றப்ப நான் எப்படிண்ணே மீறுறது..." சூர்யபிரகாஷ் குனிந்த தலை நிமிராமல் போனை எடுத்தான்.

"டேய் ஆன்சன், நாளைக்கு நான் வரலடா. எங்கம்மா பிரேக்குல எண்ணெயத் தடவி வச்சிட்டாங்கடா."

மறுமுனையில் நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தது வாசல்வரை கேட்டது. "உங்கம்மாவுக்கும் ஒரு ஹெல்மெட்டை மாட்டிக் கூட்டிட்டு வாடா, மாப்ள!" என்று ஒருவன் கத்தினான். சூர்யபிரகாஷ் போனோடு வீட்டுக்குள் போய்விட்டான். தங்கப்பொண்ணு எதுவும் காதில் விழாதவள் போல நின்றாள்.

பெனடிக்ட் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டார். இப்போது அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது தெரியாத்தனமாகச் செய்ததல்ல. எண்ணெயை மட்டும் தடவினால் யாராவது கவனிக்காமல் ஓட்டிவிடுவார்கள் என்றுதான் கண்ணில் அடிக்கிற மாதிரி பொட்டும் வைத்திருக்கிறாள். கெட்டிக்காரப் பொம்பளை. அவருக்குக் கோபம் வரவில்லை, பெற்ற மனசு வேறெப்படி இருக்கும் என்றுதான் தோன்றியது.

"அக்கா" என்று குரலைத் தாழ்த்தினார். "உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா அதை அவன்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாம். இப்படித் தடுத்து நிறுத்தி, கூட்டாளிக முன்னாடி அவனுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கேலி. பாவம், ஆசப்பட்ட புள்ள."

தங்கப்பொண்ணு வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்தாள்.

"எனக்கென்ன பயம் தம்பி? ரெண்டு நாளாக் கீழக்குயில்குடில தங்கச்சி வீட்ல இருந்துட்டு, நீங்க வர்றதுக்குப் பத்து நிமிசத்துக்கு முன்னாடிதான் வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். அப்பவே பொட்டெல்லாம் வச்சிருந்துச்சு. பயமா இருக்குன்னு கூட்டாளிககிட்டச் சொல்ல அவனுக்கு வெக்கமா இருந்திருக்கு, சிரிக்கிறவங்க என்னையச் சிரிச்சுட்டுப் போகட்டும், யாரு கேட்டாலும் நீங்களும் என் பேரையே சொல்லுங்க."