தப்பாக மடிந்தது

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டிய சாம்சன் இறந்துபோனான். "மூளையில ஒரு புரதம் தப்பா மடிஞ்சிடுச்சும்மா. அதத் தொடுற மத்ததும் அதேமாதிரி மடிஞ்சுக்கிட்டே போகும். மருந்தே இல்ல," என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், பொதட்டூர்பேட்டையிலிருந்து திலகவதி என்பவள் வீட்டை விசாரித்துக்கொண்டு சாம்சனின் மனைவி ஹெலனிடம் வந்தாள்.

"உங்க ஊட்டுக்காரரு வியாதியப் பத்தித் தெருவுல சொன்னாங்க. எங்க ஊட்டுக்காரருக்கும் அதே வியாதிக்கா. கழனிய வுட்டு எங்கியும் போனதில்ல. இப்ப என்னியே தெரியல. இந்தத் தெருவச் சொல்லி, 'ஹெலன், ஹெலன்'னு கூப்டுக்கினே கீறாரு."

ஹெலன் அவளுடன் போனாள். படுத்திருந்த அந்நியர் ஹெலனின் கையைப் பற்றி, "நாஷ்டா துன்னியா?" என்றார். சாம்சன் கேட்பது போலவே இருந்தது. ஹெலன் அழுதாள்.

திலகவதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்க ஊட்டுக்காரரு எம்பேர எப்பனா சொன்னாராக்கா?"

சாம்சனுக்குக் கடைசி மாதங்களில் பேச்சே வரவில்லை.