இறக்கத்தில் நியூட்ரல்

"இறக்கம் வந்தா கியர் தானா நியூட்ரலுக்கு வந்துருதுங்க" என்று பெரியநாயகி மறுபடியும் வந்து நின்றபோது மெக்கானிக் நாச்சிமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிழட்டு டீசல் கார்தான். ஆனாலும் கியர் பாக்ஸை இறக்கி, பிரித்துப் பார்த்தாயிற்று. ஒரு பல்கூடத் தேயவில்லை.

"நீங்களே ஓட்டுங்க. பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

நாமகிரிப்பேட்டை ரோட்டில் முதல் இறக்கம். கியர் நியூட்ரலுக்கு நழுவியது.

"பாத்தீங்களா!"

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். "பாத்தேனுங்க. உங்க கைதான் தள்ளுச்சு. டீசல் மிச்சம் புடிக்கற பழக்கம்."

பெரியநாயகி தன் இடது கையை யாருடையதோ போலப் பார்த்தாள்.

"அது எங்க ஊட்டுக்காரரு பழக்கமுங்க. வேண்டாம்னு தலப்பாடா அடிச்சுக்குவேன், கேக்க மாட்டாரு. அடுத்த இறக்கத்துலதான் வேகம் அடங்காம புளியமரத்துல மோதிட்டாரு. இந்த வண்டி பொழச்சுது, அவரு போயிட்டாரு."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"ரெண்டு கையும் ஸ்டியரிங்லயே இருக்கட்டுமுங்க."

அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். புளியமரம் தெரிந்தது. இறக்கத்தில் கியர் மறுபடியும் நியூட்ரலில் விழுந்தது. அவள் கைகள் ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். கியரைத் தள்ளிவிட்டு அதன் மேலேயே கிடந்தது, அவருடைய சொந்த வலது கை.