முன் சீட்டுக்காரர்

ரோலண்டா கார் கண்ணாடியை இறக்கி, "பென்டகன், ரெண்டு பேர்!" என்று குரல் கொடுத்தாள்.

கொரோனா ஓய்ந்து, வர்ஜீனியாவின் அந்தப் பார்க்கிங்கில் ஓசி சவாரிக்கு நிற்கும் ஆபீஸ்காரர்களின் வரிசை மறுபடியும். முன்பின் தெரியாத இருவரை ஏற்றிக்கொண்டால்தான் மூன்று பேர் உள்ள கார்களுக்கான வேகப்பாதையில் பறக்கலாம். காசு கிடையாது. ஏறியவர்கள் தாங்களாகப் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

வரிசையில் அவரைப் பார்த்ததும் போன உயிர் திரும்பியது போலிருந்தது. வருஷக்கணக்காக அவளுடைய காரின் முன் சீட்டில் இருமிக்கொண்டே வந்தவர். போய்ச் சேர்ந்திருப்பார் என்றே நினைத்திருந்தாள்.

"ஏறுங்க சார்! நல்லா இருக்கீங்களா?"

தலையாட்டிவிட்டு ஏறினார்.

பின்னால் ஏறிய பெண், "அப்பாடா, இன்னிக்காவது ஏறினாரே! ஒரு வாரமா எல்லாக் காரையும் எங்களுக்கே விட்டுக்கொடுத்துட்டு நிக்கிறாரு" என்றாள்.

"ஆபீசுக்கு லேட்டாகாதா சார்?"

சிரித்தாரே தவிர வாய் திறக்கவில்லை. மாறவே மாறாத மனுஷன்!

பென்டகன் வந்ததும் அந்தப் பெண் இறங்கி ஓடினாள். அவர் அசையவில்லை.

"இறங்கலையா சார்? ஆபீஸ் வந்தாச்சு."

"எனக்கு ஏதும்மா ஆபீஸ்? போன வருஷமே ரிட்டையர் ஆயிட்டேன்."

"அப்புறம் எதுக்கு வரிசையில நின்னீங்க?"

"உன் பேர் தெரியாது, போன் நம்பர் தெரியாது. நீ இருக்கியா இல்லையான்னு நான் யாரைப் போய்க் கேக்கறது? இந்தக் கார் ஒண்ணுதான் தெரியும்."

கதவைத் திறந்தவர், திரும்பிக் கையை நீட்டினார்.

"என் பேர் வெண்டெல்."