முதல் இழுவை

“கால் காணி நிலமில்ல, நமக்கு எதுக்கு இந்த டிராக்டரு?”

ராபியா இப்படிக் கேட்காத ஞாயிற்றுக்கிழமையே இல்லை. செம்பூர் பங்களாத் தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்த குட்டி டிராக்டரைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்திருந்தான் முகைதீன். அதைக் கழற்றி மாட்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. தாராவியில் அவன் சந்தே சிரித்தது.

அன்று மழையில், தார்ப்பாய் மூடிய லாரி ஒன்று சந்து முனைச் சேற்றில் புதைந்தது.

“மனு கொடுத்தோம்லா, தண்ணிக் குழாய் வந்துட்டு!” என்று ஜனம் ஓடிப்போய்த் தள்ளியது. லாரி அசையவில்லை.

“ஏங்க, உங்க வண்டிய எடுங்க!” என்றாள் ராபியா. அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை.

முகைதீன் கயிறு கட்டினான். குட்டி டிராக்டர் இருமியது, உறுமியது, லாரியை இழுத்துவந்து அவன் வாசலிலேயே நிறுத்தியது. விசில் பறந்தது. ராபியாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

லாரியிலிருந்து இறங்கிய மேஸ்திரி தார்ப்பாயை விலக்கினார். குழாய் ஒன்றுகூட இல்லை. கடப்பாரையும் சம்மட்டியுமாகக் கிடந்தன.

“ஷாபாஷ் பாய்!” என்று முகைதீனின் தோளைத் தட்டினார். “இந்தக் குடிசையெல்லாம் இன்னிக்கே இடிச்சாகணும். கயித்த அவுக்காத. முதல்ல இந்தத் தூண்ல கட்டி இழு.”

ராபியா சாய்ந்து நின்ற தூண் அது.