இருபதாவது நிமிடம்

தடாலென்று கதவைத் தள்ளிக்கொண்டு, தன் கடையில் உருவான கம்ப்யூட்டரோடு தணிகாசலம் உள்ளே வந்தார். கார்ட்டூன் ஸ்டுடியோ முதலாளி ஜெரால்டின் மேஜையில் நசீமாவின் கம்ப்யூட்டர் ஏற்கெனவே காத்திருந்தது. வேகப் போட்டியில் ஜெயிக்கிற பெட்டியைப் போல நாற்பது வாங்குவார் ஜெரால்டு. தோற்றால், நசீமா புதிதாகத் திறந்த கடையின் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

“வேகம் பார்க்கிற சாஃப்ட்வேரை நீயே சொல்லும்மா. எதை ஓட்டினாலும் மூணே நிமிஷத்துல ஜெயிப்பேன்” என்று சிரித்தார் தணிகாசலம்.

“ஜெயிப்பீங்க அண்ணாச்சி. அதனாலதான் மூணு நிமிஷ சாஃப்ட்வேர் வேணாங்கறேன். ஒரு மணி நேரம் விடாம படம் வரைய வைக்கிறதை ஓட்டுவோம். இங்க நாள் முழுக்க அந்த வேலைதானே சார்?”

ஜெரால்டு தலையாட்டினார்.

முதல் கால் மணி நேரம் தணிகாசலத்தின் பெட்டிதான் முன்னால் பறந்தது. நசீமா அசரவில்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல் அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். இருபதாவது நிமிடம் பெட்டி இரைந்தது. திரையில் வேகம் காட்டும் எண்கள் மளமளவென்று சரிந்தன.

“எப்படிம்மா தெரியும்?” என்றார் ஜெரால்டு.

நசீமா கையை எடுக்கவில்லை.

“இந்தப் பெட்டியை மாட்டினதே நான்தான் சார். சின்ன ஃபேன் சூட்டைத் தாங்காதுன்னு சொன்னேன். அண்ணாச்சி கடையில அன்னிக்குத்தான் எனக்குக் கடைசி நாள்.”