வாய் திறக்காத வண்டி

"மணி என்னடா ஆச்சு?"

ராசாங்கம் இப்படிக் கேட்பது ஐந்தாவது தடவை. காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டுக் கிடந்த மெக்கானிக் கலைச்செல்வனுக்கு, ஒவ்வொரு தடவையும் முதுகில் ஒன்று விழுந்த மாதிரி இருந்தது.

"மூணேகாலுங்க பெரியப்பா."

திருச்சியில் இரவல் வாங்கி வந்த, வண்டிக் கோளாறு காட்டும் ஸ்கேனரை மறுபடியும் சொருகினான். அதில் விளக்கு எரிந்தது. ஆனால் அது கேட்ட எதற்கும் காரின் கம்ப்யூட்டர் வாய் திறக்கவில்லை. கிணற்றில் போட்ட கல்தான்.

ராசாங்கத்தின் மகள் பிரவீணா மூன்று மாதக் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"கலையண்ணே, பொழுதோட கெளம்பிடலாமா? பழுவூர்ல எங்க மாமியா ஆரத்தி கரைச்சு வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. நாளைக்கு ஆடி பொறந்துட்டா, அப்புறம் ஆவணியிலதான் கூப்புடுவாங்க."

அவன் ஒயரைத் துடைத்தான்.

"டாக்சி சொல்லிக்கலாமேப்பா?"

"எவன் ஓட்டுறான்னே தெரியாத வண்டியில பச்சப்புள்ளைய ஏத்தச் சொல்றியா? போனா நம்ம வண்டியிலதான்." ராசாங்கம் பேத்தியை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நேற்று இந்தக் காரின் சைலன்சருக்கு வெல்டிங் வைத்தவன் கலைச்செல்வன்தான். பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். கழற்றவில்லை. சோம்பல்! கரண்ட் பாய்ந்து கம்ப்யூட்டர் கருகியிருக்கும், வேறென்ன?

"ஃப்யூசெல்லாம் நல்லாத்தானே இருக்கு, பெரியப்பா?"

"காலையிலயே ஒண்ணொண்ணா பாத்துட்டேன். முப்பது வருசம் பஸ் ஓட்டுனவன்கிட்ட ஃப்யூசப் பத்திக் கேக்குறான் பாரு!"

அதற்குமேல் அவன் தேடவில்லை. குற்றவாளி கையில் இருக்கும்போது ஊரெல்லாம் தேடுவானேன்?

பொழுது சாய்ந்தது. விளக்கு வைத்த பிறகு கைக்குழந்தையோடு படி தாண்டும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. உள்ளே பிரவீணா போனில் பேசுவது கேட்டது. "இல்லீங்கத்த, வண்டி கெளம்பல..." குரல் கம்மியிருந்தது.

கலைச்செல்வனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கிரீஸ் கையோடு ராசாங்கத்தின் காலைப் பிடித்தான்.

"என்னை அடிச்சாலும் வாங்கிக்கிறேன் பெரியப்பா. பாட்டரியக் கழட்டாம வெல்டிங் வெச்சுட்டேன். கம்ப்யூட்டரக் கொன்னதே நாந்தான். வெல்டிங் மிஷின வித்தாவது புதுசு வாங்கி மாட்டிடுறேன். தங்கச்சி அழுவுறத என்னால கேக்க முடியல."

ராசாங்கத்தின் முகம் வெளிறிவிட்டது. உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். தோளில் தூங்கும் பேத்தி விழித்துவிடாமல் மெல்லக் குனிந்து, அவன் காதோரம் வந்தார்.

"மிஷின வித்துத் தொலைக்காதடா. செட்டிகுளம் தேருக்குப் போனப்போ, திருடன் வண்டிய எடுக்காம இருக்க எந்த ஃப்யூசப் புடுங்கணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தியே, அது என் மடியிலதான் இருக்கு. ஆவணியில மாட்டிக்கலாம்."