எல்லாரிடமும் கேட்டாச்சு

தங்கச்செல்விக்கு மட்டும் காய்ச்சல் இறங்கவில்லை.

வார்டில் மற்ற பெண்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இவள் மட்டும் கம்பளிக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ராஜகுருவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது 1992 ஐப்பசி. மழைக்கு உப்பளங்களை மூடிவிட, தூத்துக்குடிக்கு வேலைக்குப் போயிருந்த பந்தல்குடிப் பக்கத்துப் பெண்கள் மலேரியாவோடு ஊர் திரும்பியிருந்தார்கள். பழைய மாத்திரை பலருக்குக் கேட்கவில்லை. புதிதாகக் கண்டுபிடித்த ஒரு மாத்திரையை அவர்களுக்குக் கொடுத்துப் பார்க்க, அருப்புக்கோட்டையில் தான் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுமதி வாங்கியிருந்தார் அவர். பெண்களும் சம்மதித்துத்தான் சேர்ந்தார்கள். இது தேறிவிட்டால் எத்தனை உயிர் பிழைக்கும் என்ற நினைப்பிலேயே மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

இப்போது ஒருத்திக்குக் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மாத்திரையில்தான் ஏதோ கோளாறு.

வேர்வையில் நனைந்த சேலையை மாற்றிவிடப் போன நர்ஸ் சண்முகவடிவின் கையில், தங்கச்செல்வியின் முந்தானை முடிச்சு தட்டுப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தாள். எதிரே நின்று தண்ணீர் கொடுத்துத் தான் விழுங்க வைத்த மாத்திரைகள் அத்தனையும் எச்சிலில் ஊறி உள்ளே இருந்தன.

நர்ஸ் ஓடிய வேகத்தில் ஒற்றைச் செருப்பு வராந்தாவிலேயே தங்கிவிட்டது.

"டாக்டர், மருந்து தோக்கல. அவ முழுங்கவே இல்ல."

ராஜகுரு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிசுபிசுத்த அந்த மாத்திரைகளைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்தார். விழுங்கிய எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தச் சந்தோஷம் வார்டு வாசல் வரைதான் தாங்கியது. உள்ளே நுழைந்ததும் கோபம் வந்துவிட்டது. அவருக்கு முன்னால் வார்டே அவளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாரிலும் மூத்த சோலையம்மாள்தான் அதிகம் கத்தினாள். உசுரக் காப்பாத்துற மனுசனையே ஏமாத்துறியே, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா என்று கேட்டாள்.

பிள்ளையில்லாதவள் என்ற ஊர்ப் பேச்சைப் பத்து வருஷமாகக் கேட்டதில், வாயை மூடிக்கொள்வது தங்கச்செல்விக்குப் பழகியிருந்தது.

ராஜகுரு கட்டிலோரம் வந்து நின்றார்.

"இஷ்டமில்லன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. எதுக்காக ஒளிச்சு வச்ச?"

அவள் கம்பளியை விலக்கி மெதுவாகச் சொன்னாள்.

"நாளு தள்ளிப் போயிருக்குய்யா. ரெண்டு மாசமாச்சு."

அவ்வளவுதான், வார்டு கல்யாண வீடாகிவிட்டது. திட்டின வாயெல்லாம் சிரித்தது. அத்தனை கத்துக் கத்திய சோலையம்மாளே கட்டிலை விட்டு இறங்கி வந்து, அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

ராஜகுரு உள்ளங்கையில் இருந்த மாத்திரைகளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் சிரிக்க வைத்த மாத்திரைகளைப் பார்க்க இப்போது பயமாக இருந்தது. காய்ச்சலைப் போக்கும், சரி. வயிற்றில் இருக்கும் கருவை என்ன செய்யும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் முழுகாமல் இருக்கும் பெண்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது, ஒவ்வொருத்தியிடமும் கேட்டுவிட்டுத்தான் முதல் மாத்திரை என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"பயப்படாதம்மா, உனக்குன்னு வேற மருந்து இருக்கு" என்றவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "எல்லார்ட்டயும் கேட்டீங்கல்ல?"

"ஒரு ஆளு விடாமக் கேட்டேன் டாக்டர். சோலையம்மாகிட்டகூடக் கேட்டேன்."

அதற்கு வார்டே சாட்சி. "எம் மகனுக்கே தல நரைச்சுப்போச்சு தாயி" என்று சோலையம்மாள் சொன்ன பதிலுக்கு அன்றைக்குச் சிரிக்காதவர்கள் இல்லை.

சண்முகவடிவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷ வேலையில் ஒரு பேச்சு வாங்கியதில்லை அவள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"ஏன் புள்ள, கேட்ட அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பாடு உண்டா?"

தங்கச்செல்வியின் குரலில் கோபமே இல்லை.

"கேப்பீகன்னுதான்க்கா காத்துக் கெடந்தேன். எங்கிட்ட வந்ததும், 'பாவம், இவகிட்டப் போயி எதுக்கு இதக் கேட்டுக்கிட்டு'ன்னு மாத்திரையக் கையில குடுத்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டீக."